பதினான்கு விதைப் பாக்கெட்டுகளும் ஒரே ஒரு பாத்தியும்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 20 அடிக்கு 15 அடி காலியிடம் இருக்கிறது. இதுவரை ஒரு செடிகூட வளர்த்ததில்லை. ஆசையில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, பீன்ஸ், முள்ளங்கி, கேரட், கீரை, பாகல், பூசணி, வெள்ளரி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், வெங்காயம் என்று 14 விதைப் பாக்கெட்டுகள் வாங்கிவிட்டேன். மண் கெட்டியாக இருக்கிறது. வெளியிலிருந்து நல்ல மண் வாங்கிக் கொட்டச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? எவ்வளவு தண்ணீர் விடுவது? பூச்சி வராமலிருக்க முன்கூட்டியே மருந்து அடித்துவிடலாமா?

பதில்: அந்தப் பாக்கெட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். விதையைத் தொடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய வேலைகள் வேறு இருக்கின்றன.

உங்கள் இடம் 300 சதுர அடி. முழுவதையும் கொத்திப் பயிர் வைத்தால் என்ன ஆகும் என்பதைத் தண்ணீரை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். காய்கறிப் பயிருக்கு வாரத்துக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் நீர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர். 300 சதுர அடி என்பது ஏறக்குறைய 28 சதுர மீட்டர். ஆக, வாரம் 700 லிட்டர். 10 லிட்டர் பூவாளியைத் தூக்கினால் 70 நடை. மழை பெய்தால் குறையும், கடும் வெயிலில் இன்னும் பாதி கூடும். குழாய் போட்டு விட்டுவிடலாமே என்பீர்கள். விடலாம், ஆனால் களை பிடுங்கக் குழாய் கிடையாதே. முதல் தோட்டங்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் பூச்சியல்ல, இரண்டாம் மாதத்தில் வரும் அலுப்புதான் என்பது என் கணிப்பு. அகலக்கால் வைத்தவர்கள்தான் முதலில் அலுத்துப்போகிறார்கள்.

ஆகவே முதல் பருவத்துக்கு ஒரே ஒரு பாத்தி: 4 அடி அகலம், 8 அடி நீளம். சுமார் 3 சதுர மீட்டர். வாரத்துக்கு 75 லிட்டர் போதும். 4 அடி என்று சொல்லக் காரணம் உண்டு. இருபக்கமும் நின்று கையை நீட்டினால் நடுப்பகுதி எட்டும். பாத்திக்குள் கால் வைக்கவே தேவையில்லை. மிதிபட்ட மண்ணில் காற்று புகும் இடைவெளிகள் அடைந்துவிடும், வேர் திணறும். சுவரை ஒட்டிப் போடுவதானால் ஒரு பக்கம்தான் நிற்க முடியும் என்பதால் அகலம் 2 அடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தப் பாத்தியை எங்கே போடுவது? வெயில் எங்கே விழுகிறதோ அங்கே. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பூத்துக் காய்க்கும் செடிகளான தக்காளி, மிளகாய், கத்தரி, வெண்டை, பீன்ஸ் ஆகியவற்றுக்கு நேரடி வெயில் நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் வேண்டும். கீரைகள் 3, 4 மணி நேர வெயிலில்கூடச் சமாளித்துவிடும். கிழங்கு வகை இரண்டுக்கும் நடுவில். ஒரு விடுமுறை நாளில் காலை 8 மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொல்லைப்புறம் போய் நிழல் எதுவரை வந்திருக்கிறது என்று தரையில் கோடு போடுங்கள். சாயங்காலம் பார்த்தால் எந்தப் பகுதி எத்தனை மணி நேரம் வெயிலில் இருந்தது என்று படம்போலத் தெரிந்துவிடும். ஓர் எச்சரிக்கை: சூரியனின் பாதை பருவத்துக்குப் பருவம் சாய்கிறது. இன்று வெயில் விழும் மூலையில் நான்கு மாதம் கழித்து மதில் நிழல் விழலாம். பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் நிழலை மட்டும் பார்க்காதீர்கள். அதன் வேர் கிளைப் பரப்பையும் தாண்டி ஓடும், உங்கள் பாத்தியின் நீரையும் உரத்தையும் அதுவே முதலில் குடித்துவிடும்.

இடம் முடிவானதும் நீர் வடிகிறதா என்று பாருங்கள். ஓர் அடி ஆழக் குழி தோண்டி நிரம்ப நீர் ஊற்றுங்கள். அது முழுக்க இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது முறை மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். மறுநாளும் குழியில் நீர் நின்றால் அந்த இடத்தில் வேர் அழுகும். ஒன்று இடத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் பாத்தியைத் தரையிலிருந்து 8 முதல் 12 அங்குலம் உயர்த்தி மேட்டுப்பாத்தியாகப் போடுங்கள்.

இனி, மண் வாங்கிக் கொட்டும் யோசனை. வேண்டாம் என்பேன். கெட்டித்தரையின்மேல் வேறு மண்ணைக் கொட்டினால் இரண்டும் சந்திக்கும் இடத்தில் நீர் தயங்கி நிற்கும். வேரும் அந்த எல்லையோடு திரும்பிவிடும். வந்து இறங்கும் மண்ணில் என்ன களைவிதை, என்ன இடிபாடு இருக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியாது. களிமண்ணில் மணலைக் கலந்தால் இளகும் என்று அடுத்ததாக யாராவது சொல்வார்கள். கொஞ்சமாகக் கலந்த மணல் களிமண்ணோடு சேர்ந்து இன்னும் இறுகத்தான் செய்யும். உண்மையில் இளக வைப்பது மட்கு, அதாவது இலைதழையும் சாணமும் மட்கி உருவான உரம். களிமண்ணைப் பொலபொலப்பாக்குவதும் அதுதான். மணற்பாங்கான மண்ணில் ஈரம் பிடித்து வைப்பதும் அதுதான்.

உங்கள் மண் எந்த ரகம் என்று அறிய, ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, நீர் நிரப்பி, சிட்டிகை சோப்புத்தூளும் சேர்த்து நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். அடுத்த இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். கடைசியாக, ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொண்டு இறங்குவது களி. மூன்று அடுக்குகளின் கனத்தைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். பழைய வீட்டுச் சுவரை ஒட்டிய மண்ணானால் ஆய்வகத்தில் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது. பழைய பெயின்டில் ஈயம் இருந்திருக்கலாம், அது மண்ணில் இறங்கினால் லேசில் போகாது. அந்தப் பரிசோதனையிலேயே அமில-கார நிலையையும் கேட்டுக்கொள்ளுங்கள். 6-க்கும் 7-க்கும் இடையில் இருந்தால் பெரும்பாலான காய்கறிகளுக்குச் சரி.

மண் கையில் ஒட்டும் ஈரமாகவும் இல்லாமல், கட்டாந்தரையாகவும் இல்லாமல் இருக்கும் நாளில் ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்துங்கள். கல், வேர், கோரைக்கிழங்கு எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, 2 அங்குலக் கனத்துக்கு மட்கிய உரத்தைப் பரப்பி மேல்மண்ணோடு கலக்குங்கள். உங்கள் பாத்திக்கு ஏறக்குறைய 150 லிட்டர் பிடிக்கும். ‘மட்கிய’ என்பதை அழுத்திச் சொல்கிறேன்: பச்சைச் சாணம் வேரைக் கருக்கும், நோய்க்கிருமிகளையும் கொண்டுவரும். மட்கிய உரம் கறுத்து, உதிரியாக, மழை பெய்த மண் வாசனையோடு இருக்கும். மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் இன்னும் ஆகவில்லை.

இப்போது டப்பாவைத் திறக்கலாம். 14-இல் ஆறை எடுங்கள்: முள்ளங்கி, கீரை, பீன்ஸ், வெண்டை, தக்காளி, மிளகாய். பூசணிக்கொடி ஒன்றே 10 அடிக்கு மேல் படர்ந்து உங்கள் பாத்தியை விழுங்கிவிடும். பாகலுக்கும் வெள்ளரிக்கும் பந்தல் கட்ட வேண்டும். காலிஃபிளவர் வெப்பநிலையில் சிறு மாற்றத்துக்கும் முகம் சுளிக்கும் பயிர். பழகிய கைகளுக்கே சில வருடம் பூ கட்டாது. முட்டைக்கோஸும் குளிர் கேட்கும். கேரட் முளைக்க இரண்டு மூன்று வாரம் ஆகலாம், அதுவரை மேல்மண் காயக் கூடாது. மண்ணில் கல் இருந்தால் கிழங்கு இரண்டாகப் பிளந்து வளரும். கத்தரி நல்ல செடிதான், இடம்தான் இல்லை.

ஆறையும் ஒரே நாளில் போட வேண்டுமென்பதில்லை. வெண்டை, தக்காளி, மிளகாய், பீன்ஸ் நான்கும் வெப்பம் விரும்பிகள். மண் குளிர்ந்திருக்கும்போது விதைத்தால் முளைக்காமல் அழுகும். வெண்டைக்கு மண்ணின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸையாவது தாண்டியிருக்க வேண்டும். முள்ளங்கி மாறாகக் குளிர்ச்சியை விரும்பும்; கொதிக்கும் வெயிலில் கிழங்கு கட்டாமல் பூத்துவிடும். உங்கள் பகுதியில் இப்போது என்ன பருவமோ அதற்கேற்பப் பாதியை இப்போதும் பாதியைப் பிறகும் போடுங்கள்.

முள்ளங்கி, கீரை, பீன்ஸ், வெண்டை நான்கையும் பாத்தியிலேயே நேராக விதைக்கலாம். விதையின் கனத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். கீரை விதையை மேலாகத் தூவி, மெல்லிய மண் போர்வை போட்டால் போதும். வெண்டை விதையை முந்தின இரவே ஊற வைத்தால் முளைப்பு சீராக இருக்கும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் நாற்றுத்தான் சரி. முதல் முறை என்பதால் வளர்ந்த நாற்றாக வாங்கிவிடுவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை. நீங்களே வளர்ப்பதானால் தக்காளி ஒரு வாரம், பத்து நாளிலும், மிளகாய் மூன்று வாரம்வரை எடுத்துக்கொண்டும் முளைக்கும். நாற்று ஒல்லியாக நெட்டுக்குத்தாக வளர்ந்தால் வெளிச்சம் போதவில்லை என்று பொருள், உரக்குறைவு அல்ல. நாற்றை நடுவதற்கு முன் ஒரு வாரம் வெளியில் வைத்து, வெயில் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பிறகு மாலையில் நடுங்கள். தக்காளியை மட்டும் மேலிலைகள் தெரியும்படி ஆழப் புதைக்கலாம். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும். மிளகாய்க்கு இந்தச் சலுகை தர வேண்டாம்.

இடைவெளி: தக்காளிக்கு 60 சென்டிமீட்டர், மிளகாய்க்கு 45, வெண்டைக்கு 30, பீன்ஸுக்கு 10 முதல் 15, முள்ளங்கிக்கு 5. நடும்போது மிக அகலமாகத் தெரியும், நெருக்கி நடக் கை துறுதுறுக்கும். நெருக்கினால் காற்றோட்டம் போய் இலைநோய்தான் மிஞ்சும். முள்ளங்கி நெருக்கமாக முளைத்துவிட்டால் கத்தரிக்கோலால் உபரி நாற்றுகளை வெட்டிவிடுங்கள். கலைத்துவிடாத முள்ளங்கி வெறும் இலைதான் தரும். உயரமாக வளரும் வெண்டையையும் தக்காளியையும், நண்பகல் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தக் கரையில் வையுங்கள். குட்டைச் செடிகள்மேல் நிழல் விழாது. முள்ளங்கியையும் கீரையையும் மொத்தமாக விதைக்காமல் பத்து, பதினைந்து நாளுக்கு ஒரு வரிசையாகப் போட்டால், ஒரே வாரத்தில் தின்ன முடியாமல் குவியாது. இவை இரண்டும் ஒரு மாதத்தில் கைக்கு வரும். வெண்டைக்கும் பீன்ஸுக்கும் 50, 60 நாள். தக்காளிக்கு நட்டதிலிருந்து இரண்டு, இரண்டரை மாதம்.

தண்ணீர் பற்றி: வாரம் 75 லிட்டர் என்றது சராசரிதான். விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் விடுங்கள், ஈரமிருந்தால் விட வேண்டாம். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே படரும், ஒரு நாள் வெயிலுக்கே துவளும். வாரம் இரண்டு மூன்று முறை ஆழ இறங்கும்படி விடுங்கள். விதை முளைக்கும் நாள்களில் மட்டும் மேல்மண் காயாமல் லேசாகத் தெளிக்க வேண்டும். காலை நேரம் நல்லது. இலையில் அல்ல, அடியில் ஊற்றுங்கள். உச்சி வெயிலில் இலை வாடுவதைப் பார்த்துப் பதறி ஊற்றாதீர்கள். மாலையில் தானாக நிமிர்ந்தால் அது தாகமல்ல. மறுநாள் காலையிலும் வாடியிருந்தால் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தும் வாடினால் நீர் அதிகமாகி வேர் பழுதாகியிருக்கலாம். ஒரு வாரம் காயப்போட்டு மறுவாரம் வெள்ளம் விட்டால் தக்காளி வெடிக்கும். காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் நீர் சீராகப் போனால்தான் அது காய்க்குப் போய்ச் சேரும். காய்ந்த இலை, வைக்கோல் எதையாவது 2, 3 அங்குலம் மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டாமல். ஈரமும் நிற்கும், களையும் பாதியாகக் குறையும்.

மட்கு சேர்த்த பாத்திக்கு முதல் மாதம் வேறு உரம் தேவைப்படாது. தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் செடி மட்டும் கொழுகொழுவென்று வளரும், காய் வராது. தக்காளி பூத்து உதிர்ந்தால் உரத்தைத் தேடாமல் வெப்பமானியைப் பாருங்கள். பகல் 35 டிகிரியைத் தாண்டினாலும், இரவு மிகவும் வெம்மையாகவோ குளிராகவோ இருந்தாலும் பிஞ்சு நிற்காது. வானிலை மாறினால் தானே பிடிக்கும்.

மருந்தை முன்கூட்டியே அடிக்கலாமா என்ற கேள்விக்கு: கூடாது. பூச்சியே இல்லாத செடியில் அடித்தால் அங்கே வந்து அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சிறு பூச்சியைத் தின்னும் பொறிவண்டும், பூவுக்கு வரும் தேனீயும்தான் அடிபடும். தினமும் ஐந்து நிமிடம் இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அசுவினி தெரிந்தால் நீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பகுதி போய்விடும். புழுவைக் கையால் பொறுக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்தபின், முதலில் ஓரிரு இலைகளில் மட்டும் அடித்துப் பார்த்து, மறுநாள் கருகவில்லை என்றால் மற்றவற்றுக்கு.

மீதி எட்டுப் பாக்கெட்டுகளை வீணாகிவிடும் என்று நினைத்து அவசரமாக விதைத்துவிடாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில், ஈரமும் சூடும் படாத இடத்தில் வைத்தால் கத்தரி, பூசணி, வெள்ளரி, முட்டைக்கோஸ் விதைகள் மூன்று நான்கு வருடம் தாங்கும். சந்தேகம் வந்தால் 10 விதையை ஈரத்துணியில் மடித்து வைத்துப் பாருங்கள். ஏழு முளைத்தால் தாராளமாக விதைக்கலாம், நான்குதான் என்றால் இரட்டிப்பாகத் தூவ வேண்டியிருக்கும். வெங்காய விதை மட்டும் ஓராண்டுக்குமேல் நம்பத் தக்கதல்ல. அதை இந்தப் பருவத்திலேயே விதைக்க இடம் வைத்திருக்கும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.