ரேடியோவில் மெகாவாட்டைச் சொல்வது

வணக்கம் ஐயா,

பி.காம். முடித்துவிட்டு ஒரு சமுதாய வானொலியில் பகுதிநேரமாகச் செய்தி எழுதுகிறேன். நீங்கள் வானொலியில் பல வருடம் தொழில், மின்சாரம், பொருளாதாரச் செய்திகளையே பார்த்தவர் என்று உங்கள் தளத்தில் படித்தேன். படமும் அட்டவணையும் காட்ட முடியாத இடத்தில் இதையெல்லாம் சொன்னால் யாருக்குப் புரியும் என்கிறார்கள் நண்பர்கள். இந்தத் துறையைப் பிடித்துக்கொண்டு போகலாமா?

ச., தண்டையார்பேட்டை

அன்புள்ள ச.,

தாராளமாகப் போகலாம். எரிசக்தி பற்றி எழுதுகிறவர்கள் தேடிப்போய்ப் பார்க்க வேண்டியதெல்லாம் உங்கள் வீட்டுக்கு வடக்கே வரிசையாக இருக்கிறது. மணலியில் 1969-இல் ஓட ஆரம்பித்த சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் 1970-இல் தொடங்கி 2017-இல் மூடிய பழைய அனல்மின் நிலையம், அதற்கும் அப்பால் வடசென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், நிலக்கரி இறக்குவதற்கென்றே கட்டி 2001-இல் திறந்த துறைமுகம்.

புரியாது என்பது எண்ணை வெறும் எண்ணாக வாசித்தால்தான். வானொலி கேட்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது, கடந்து போனது போனதுதான், அதனால் ஒரு வாக்கியத்தில் ஒரு எண்ணுக்கு மேல் வைக்காதீர்கள். வல்லூரில் 500 மெகாவாட் அலகு ஒன்று, அதாவது மின்சாரம் எடுக்கிற இயந்திரத் தொகுதி ஒன்று, நின்றுவிட்டது என்று தகவல் வரும். ஒரு மெகாவாட் ஒரு மணி நேரம் ஓடினால் 1,000 யூனிட், அப்படியானால் அந்த அலகு நின்ற ஒவ்வொரு மணி நேரமும் 5 லட்சம் யூனிட் போகிறது. யூனிட் என்றால் கரண்ட் பில் கட்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போங்கள். நம் நாட்டு நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்க ஏறக்குறைய 700 கிராம் எரிக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் செலவழிக்கிற வீட்டுக்கு முழுக்க நிலக்கரியிலிருந்தே மின்சாரம் வந்தால் 200 கிலோவுக்கு மேல் கரி, அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அந்தக் கரி ஒடிசாவில் தால்சர் சுரங்கத்தில் வெட்டி, ரயிலில் பாராதீப் துறைமுகம் போய், கப்பலில் எண்ணூர் வந்து, கன்வேயரில் உலைக்குப் போகிறது. சாம்பல் எங்கே போகிறது? தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகச் சாம்பல் குளத்துக்குப் போக வேண்டியது, குழாய் உடைந்து கொசஸ்தலையாற்றில் கலந்திருக்கிறது, ஆறு மேடாகிப் போனது, இறால் குறைந்தது. இந்தச் செலவு எந்த பில்லிலும் வராது. எண்ணூர்ப் பக்கம் மீனவர்கள் வாழும் காட்டுக்குப்பத்துக்குப் போய், ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்களைப் பேசவிட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். அந்தக் குரல் பொருளாதாரச் செய்திதான், அதை ‘மக்கள் பிரச்சினை’ என்று தனியாக ஒதுக்கிவைக்கிற ஆசிரியர்களோடு நான் கடைசிவரை சண்டை போட்டேன், நீங்களும் போடுங்கள். குழாயைப் பராமரிக்க ஒதுக்கிய பணம் எவ்வளவு என்று அதே நிகழ்ச்சியில் அதிகாரியிடமும் கேட்க வேண்டும், குரல் மட்டும் போதாது.

எண்ணெய் விலையும் அப்படித்தான். பெட்ரோலுக்கு அரசின் விலைக் கட்டுப்பாடு 2010 ஜூனில் போனது, டீசலுக்கு 2014 அக்டோபரில், 2017 ஜூனிலிருந்து விலையைத் தினமும் மாற்றலாம் என்றானது. இந்த மூன்று முடிவும் தெரியாமல் இன்றைய விலையை விளக்க முடியாது. தெரிந்த பிறகு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், மீனவர்களுக்கு அரசு தருகிற வரிவிலக்கு டீசல் அளவு தீர்ந்ததும் ஒரு விசைப்படகு ஒரு தடவை கடலுக்குப் போய்வர என்ன செலவு, பிடித்த மீன் என்ன விலைக்குப் போனது, கூலியாட்களின் பங்கு என்ன என்று வரிசையாகக் கேளுங்கள்.

சம்பளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நிரந்தர வேலை குறைவு, தாமதமாகத்தான் கிடைக்கும், அதுவரை வேறு ஒரு வருமானம் வைத்துக்கொள்ளுங்கள். பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிந்த நிருபர்கள் தமிழில் குறைவு, உங்கள் பி.காம். அங்கே பெரிய பலம். மின்வாரியத்தின் ஆண்டுக் கணக்கையும் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண உத்தரவுகளையும் முழுக்கப் படியுங்கள், எல்லாம் பொதுவில் கிடைக்கிறது.

காசிமேடு நிகழ்ச்சியை முதலில் செய்யுங்கள். ஒலிப்பதிவை அனுப்பினால் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.