ரோடியாவின் கலவை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வாட்ஸ் கோபுரங்கள் பற்றிய கட்டுரையை வாசித்தேன். சைமன் ரோடியா என்ற இத்தாலிய அமெரிக்கர் லாஸ் ஏஞ்சல்ஸில் வெல்டிங் இல்லாமல், சாரம் இல்லாமல், தனியாளாக முப்பது மீட்டர் கோபுரம் எழுப்பினார் என்று எழுதியிருந்தீர்கள். நான் மொட்டைமாடியில் ஒரு சின்னத் திண்ணை கட்டி உடைந்த டைல்ஸும் பாட்டில் கண்ணாடியும் பதித்தேன். ஒரே வருடத்தில் கண்ணாடி உதிர்ந்துவிட்டது. ஓரத்தில் துருவேறிய கம்பி தெரிகிறது. பித்துப்பிடித்த ஒருவர் கட்டியது மட்டும் எப்படி நிற்கிறது? இன்னொன்று. அவரைக் கொண்டாட்டமான ஆள் என்கிறீர்கள், மனைவி மக்களைப் பிரிந்து வந்தவர் என்றும் சொல்கிறீர்கள். இரண்டும் ஒட்டவில்லையே?

ஆர். எஸ்.

அன்புள்ள ஆர். எஸ்.,

பித்து என்ற சொல்லை முதலில் எடுத்துவிடலாம். ரோடியா கட்டட வேலைக்காரர், டைல்ஸ் பதிப்பவர். 1921-இல் வாட்ஸ் பகுதியின் 107-ஆம் தெருவில் முக்கோண வடிவில் ஒரு துண்டு நிலம் வாங்கினார். பகலில் கூலிக்குச் செய்த வேலையையே மாலையிலும் விடுமுறையிலும் அங்கே தனக்காகச் செய்தார். முப்பத்து மூன்று வருடம். 1954-இல் நிறுத்தியபோது மூன்று பெரிய கோபுரங்கள், ஒரு கப்பல், மண்டபம், சுற்றுச்சுவர் என மொத்தம் பதினேழு அமைப்புகள். கைப்பழக்கம் இல்லாத பித்தால் இதில் ஒரு வளையம்கூடச் செய்ய முடியாது.

அவர் வேலை செய்த முறை இதுதான். பழைய இரும்புக் கம்பி, குழாய், ஆங்கிள் எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்வார். பக்கத்தில் ரயில் பாதை ஓடியது. தண்டவாளத்துக்கு அடியில் கம்பியின் ஒரு முனையைச் செருகி, மறுமுனையைத் தன் எடையால் அழுத்தி வளைப்பார். இரண்டு கம்பி சேரும் இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றை ஏற்றிவைத்துக் கட்டுக்கம்பியால் இறுக்குவார். அதன்மேல் கம்பிவலை. வலையின்மேல் கையாலேயே கலவையை அப்பி, ஈரம் காயும் முன் ஓட்டுத் துண்டுகளையும் கண்ணாடியையும் சிப்பியையும் அழுத்துவார். சாரமே தேவைப்படவில்லை. கட்டி முடித்த வளையம் அடுத்த வளையத்துக்கு ஏணி. உயரமான ஜன்னல் துடைப்பவர்கள் இடுப்பில் கட்டும் பட்டையைப் போட்டுக்கொண்டு, ஒரு வாளிக் கலவையுடன் ஏறுவார்.

அந்த ஒரு வாளியில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவர் தூக்கி ஏறக்கூடிய கலவை, இறுகும் முன் தீர்ந்துவிடும். நம்மூரில் காலையில் ஒரு பாண்டு நிறையக் குழைத்துவைத்து, பதினொரு மணிக்கு அது கெட்டியாகும்போது தண்ணீர் தெளித்து இளக்குகிறோம். பதித்தது உதிர அது ஒன்றே போதும். சிமென்ட் ஒருமுறைதான் பிடிக்கும். பிடிக்கத் தொடங்கியதை நீர் விட்டுக் கலைத்தால் பார்க்கக் கலவைபோல இருக்கும், உள்ளே மணல்தான்.

கண்ணாடிக்கு வேறு காரணமும் உண்டு. டைல்ஸின் முதுகு நீரை உறிஞ்சும், சிமென்ட் பாலும் அதனுடன் உள்ளே போய்ப் பிடிக்கும். கண்ணாடி உறிஞ்சாது. மேலே ஒட்டிய கண்ணாடி வெயிலில் விரிந்து இரவில் சுருங்கி, ஒருநாள் கழன்றுவிடும். ஆகவே அதை ஒட்டக் கூடாது, புதைக்க வேண்டும். வளைந்த துண்டாக, பாட்டிலின் அடிப்பாகமாகப் பார்த்து எடுங்கள். பாதிக்குமேல் கலவைக்குள் போகும்படி அழுத்தி, சுற்றிலும் கலவை விளிம்பு கட்டட்டும். ரோடியா பதித்த செவன்-அப் பச்சைப் பாட்டில்களையும் மில்க் ஆஃப் மக்னீசியா மருந்தின் நீலப் புட்டிகளையும் அந்தப் பிடிதான் நிறுத்துகிறது.

உங்கள் திண்ணைக்கு ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு சலித்த ஆற்றுமணல் அல்லது பூச்சுக்கான எம்-சாண்ட். அரைமணி நேரத்தில் தீரும் அளவே குழையுங்கள். சுவர் டைல்ஸை ஊறவைத்து, மேலே நிற்கும் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பதியுங்கள். பிறகு சாக்குப் போட்டு ஏழு நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒட்டியிருக்கிறதா என்று சோதிக்க ஒரு நாணயத்தால் தட்டுங்கள். கணீரென்றால் சரி. டொக்கென்றால் அடியில் பொள்ளல், அப்போதே பெயர்த்தெடுங்கள்.

துருவைப் பொறுத்தவரை ரோடியாவும் உங்கள் கட்சிதான். கம்பிக்குமேல் அவர் பூசிய கலவை பல இடங்களில் மெல்லியது. விரிசல் வழியே நீர் இறங்கும், கம்பி துருவேறிப் பருக்கும், கலவையை உள்ளிருந்து பிளக்கும், ஓடுகள் விழும். வெயில் படும் பக்கம் நீள்வதால் கோபுரமே தினமும் மெல்ல அசைகிறது, விரிசல்களும் அதனுடன் திறந்து மூடுகின்றன. பழுதுபார்ப்பவர்கள் அவற்றைக் கெட்டியான சிமென்ட்டால் அடைத்தால் பக்கத்திலேயே புது விரிசல் விடும். நெகிழும் பொருள்தான் தாங்கும். நீங்கள் கம்பிக்குமேல் ஒரு அங்குலமாவது கலவை இருக்கும்படி பாருங்கள்.

இத்தனை குறையோடும் எப்படி நிற்கிறது? அஸ்திவாரம் இரண்டடி ஆழம்கூட இல்லை. ஆனால் கோபுரம் முழுக்கச் சல்லடை, காற்று மோத இடமில்லை. ஒரு கால் நலிந்தால் வளையங்கள் பாரத்தை மற்றக் கால்களுக்குக் கடத்தும். நகராட்சி இடிக்க உத்தரவிட்டபின், 1959 அக்டோபர் 10 அன்று பட் கோல்ட்ஸ்டோன் என்ற பொறியாளர் எல்லார் முன்னிலையிலும் சோதனை நடத்தினார். 10,000 பவுண்டு, அதாவது நாலரை டன் விசையில் பக்கவாட்டில் இழுத்தார்கள். கோபுரம் சாயவில்லை. இழுத்த கருவிதான் முதலில் விட்டுக்கொடுத்தது. 1994 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்திலும் சேதம் உண்டு, சரிவு இல்லை.

இனி ஆளைப் பற்றி. இத்தாலியில் கம்பானியாவின் ரிபோத்தோலி கிராமத்தில் 1879-இல் பிறந்தார். இயற்பெயர் சபாத்தோ, அண்டை வீட்டாருக்கு சாம். அந்தப் பகுதியில் நோலா என்ற ஊரில் ஜூன் மாதத் திருவிழாவுக்கு எட்டு உயர்ந்த மரக்கோபுரங்களையும் ஒரு படகையும், நாம் சப்பரம் தூக்குவதுபோல, தோளில் சுமந்து பாட்டுக்கு ஏற்ப ஆட்டுவார்கள். வாட்ஸில் கோபுரங்களுக்குப் பக்கத்தில் ஏன் ஒரு கப்பல் நிற்கிறது என்று அதைத் தெரிந்தபின் யாரும் கேட்பதில்லை.

கொண்டாட்டம் என்று நான் சொன்னது இதைத்தான். வேலையின்போது ஒபரா ஒலிக்கும். தெருப் பிள்ளைகள் உடைந்த தட்டு கொண்டுவந்தால் சில்லறையோ பிஸ்கட்டோ உண்டு. அக்கம்பக்கத்தார் அந்த முற்றத்தில் திருமணமும் ஞானஸ்நான விருந்தும் நடத்தினார்கள். ஈரச் சுவரில் சுத்தியலையும் குழாய்த் திருகையும் சோளக்கதிரையும் அச்சாகப் பதித்து விளையாடியிருக்கிறார். மெக்சிகோ அண்டைவீட்டாரின் மொழியில் எல்லாவற்றுக்கும் ‘நுவெஸ்த்ரோ புவெப்லோ’ என்று பெயர். ‘நம்ம ஊரு’ என்று தமிழில் சொன்னால் சரியாக இருக்கும்.

குடும்பத்துக்கு அவர் செய்ததை இது ஈடுகட்டாது. மூன்று பிள்ளைகள், முறிந்த திருமணம், குடி. அந்த முற்றத்தில் மற்றவர்களுக்கு விருந்து நடந்தது, அவருடைய பிள்ளைகள் அவரில்லாமலே வளர்ந்தார்கள். ஒரே ஆள் இரண்டாகவும் இருந்தார். நான் ஒட்டவைக்க முயலவில்லை.

1955-இல் நிலத்தைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு வட கலிபோர்னியாவின் மார்ட்டினெஸ் நகருக்குப் போனார். திரும்பி வரவேயில்லை. 1965 ஜூலையில் அங்கேயே இறந்தார். அடுத்த மாதம், கறுப்பின மக்கள் கொந்தளித்த வாட்ஸ் கலவரத்தில் தெருக்கள் எரிந்தன. கோபுரங்களை யாரும் தொடவில்லை.