25,000 வாக்குக்கு 60 இடமா?
2006 இத்தாலித் தேர்தலில் புரோடி, பெர்லுஸ்கோனி தலைமையிலான இரு கூட்டணிகளுக்கு இடையே வாக்கு வித்தியாசம் வெறும் 25,000 அளவில். கீழவையில் மட்டும் எப்படி 60 இடத்துக்கு மேல் வித்தியாசம், கணக்கு உதைக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். கணக்கு சரிதான். நாடு முழுவதும் ஒரு வாக்கு கூடுதலாக வாங்கினாலும் அந்தக் கூட்டணிக்கு 630இல் குறைந்தது 340 இடம். அப்போதைய சட்டம் அப்படி. வேடிக்கை என்னவென்றால், அதை 2005 கடைசியில் கொண்டுவந்ததே தோற்றுப்போன பெர்லுஸ்கோனியின் அரசுதான்! முறைகேடு என்று அவர் பிடித்த பிடியை விடவில்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் புரோடியின் வெற்றியை உறுதி செய்துவிட்டது.

அப்புறம், மேலவையில் இந்தப் போனஸ், அதாவது முந்தும் கூட்டணிக்குத் தரும் கூடுதல் இடங்கள், பிராந்தியவாரியாகத்தான். அதனால் அங்கே 158க்கு 156 என்று இழுபறி. நீங்கள் எழுதும் கட்டுரையில் இரண்டு அவைகளையும் கலந்துவிடாதீர்கள். நானும் முதலில் அங்கேதான் சறுக்கினேன்.