மரம் அறுக்க கிரைண்டர் வாங்கலாமா?

கேள்வி: ஓய்வு பெற்றதும் மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் சின்னதாக ஒரு பட்டறை போட்டிருக்கிறேன். டிரில் மெஷினும் கைரம்பமும்தான் இருக்கின்றன. பேத்திக்குப் புத்தக அலமாரி செய்ய 18 மி.மீ. பிளைவுட் அறுக்க வேண்டும், கைரம்பம் பிடித்தால் தோள்பட்டை விட்டுப்போகிறது. கடைக்காரரோ, "நாலு இஞ்ச் கிரைண்டர் வாங்கிக்குங்க சார், மர பிளேடு மாட்டினா எல்லா வேலையும் ஆகும், ஆசாரிங்க அதுதான் வெச்சிருக்காங்க" என்கிறார். 6,000 ரூபாய் வரை போடலாம். வாங்கட்டுமா? — வாசகர், மதுரை

பதில்: வேண்டாம் சார். இரும்பு அறுக்க, வெல்டிங் பிசிறு தேய்க்க கிரைண்டர் அருமையான மெஷின். ஆனால் நிமிடத்துக்கு 11,000 சுற்று போல ஓடும் அதற்கு, பலகைமேல் பதிந்து உட்கார அடித்தட்டு கிடையாது, மூடியும் பாதி வட்டம்தான். அதில் வரும் தேய்ப்புக் கல்லுக்குப் பதில் பல் வைத்த பிளேடை மாட்டினால், அந்தப் பல் ஒரு கணுவில் கடித்த நொடியே மெஷின் எகிறும். ஒரு தடவை நானே வேப்பம்பலகையை அப்படி அறுக்கப்போய், எகிறிய மெஷின் என் வேட்டி முனையைச் சுருட்டிக்கொண்டு திணறி நின்றது, தொடைக்கும் பிளேடுக்கும் நடுவில் இரண்டு விரற்கடை இருந்திருக்கும். வேட்டியோடு மெஷின் பக்கம் போனதும் என் தப்புதான், அது வேறு விஷயம்.

அப்புறம், ஆசாரிகள் கையில் நீங்கள் பார்ப்பது பல நேரம் கிரைண்டர் இல்லை, மார்பிள் கட்டர். அதற்கு அடித்தட்டு உண்டு. ஆனால் தட்டுக்குக் கீழே துருத்தி நிற்கும் பல்லுக்கு மூடி இல்லை, சுவிட்சை விட்ட பிறகும் பிளேடு சில நொடி சுற்றும். நாள் முழுக்க அதையே பிடிக்கிற கை சமாளிக்கும். நம் கை சமாளிக்காது.

நீங்கள் வாங்க வேண்டியது 7 இஞ்ச் சர்க்குலர் சா, அதாவது மரம் அறுக்கவே செய்த வட்ட ரம்ப மெஷின், 1,200 வாட் போதும். இதில் கீழ் மூடி ஸ்பிரிங்கில் இருக்கும், பலகைக்குள் போகும்போது விலகி, வெளியே வந்ததும் தானே மூடிக்கொள்ளும். கடையில் ப்ளக் போடாமல் அந்த மூடியை விரலால் தள்ளி விட்டுப் பாருங்கள், சட்டென்று திரும்பாமல் சிக்கினால் அந்தப் பீஸ் வேண்டாம். கூட வரும் பிளேடு பெரும்பாலும் 24 பல், பிளைவுட் ஓரத்தைப் பிய்த்துவிடும், அதனால் கையோடு 40 பல் பிளேடு ஒன்றும் கிளாம்ப் இரண்டும் வாங்கிவிடுங்கள். மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஆடி அறுக்கும் ஜிக் சா வளைவு வெட்டத்தான் லாயக்கு, எட்டடி நேர்க்கோட்டில் அது தன் இஷ்டத்துக்குப் போகும்.

அறுக்கும்போது நல்ல முகம் கீழே இருக்கட்டும், பல் கீழிருந்து மேலே வருவதால் பிசிறெல்லாம் மேல்பக்கம்தான் எழும். அலுமினியச் சட்டம் ஒன்றை கிளாம்ப் போட்டு, அதை ஒட்டியே மெஷினைத் தள்ளுங்கள். பிளேடு பலகைக்குக் கீழே அரை விரற்கடைக்கு மேல் நீள வேண்டாம். முக்கியமாக, அறுபடும் இரண்டு பக்கத்துக்கும் அடியில் முட்டுக் கொடுங்கள், வெட்டுக்கோட்டில் பலகை தொய்ந்தால் வெட்டு வாய் மூடி பிளேடை இறுக்கும், மெஷின் நம்மைப் பார்த்துப் பின்னால் பாயும். அதனால்தான் நேர் பின்னால் நிற்காமல் கொஞ்சம் விலகி நிற்கச் சொல்வது.

மாடிக்கு இழுக்கிற ஒயர் 1.5 ஸ்கொயர் எம்எம், எர்த்தோடு மூன்று கோர். மெல்லிசு ஒயரில் மோட்டார் முக்கும்.

கேள்வி: 12 வோல்ட் பேட்டரி டிரில் வீட்டுக்குப் போதுமா? — வாசகி, நாகர்கோவில்

பதில்: மரத்தில் ஸ்க்ரூ முடுக்க, கீல் மாட்டத் தாராளமாகப் போதும். கான்கிரீட் சுவரில் ஸ்க்ரூ பிடிக்கும் பிளாஸ்டிக் பிளக் அடிக்க ஓட்டை போட வேண்டுமென்றால் மட்டும் ஒயர் வைத்த ஹேமர் டிரில்லுக்குப் போங்கள், பேட்டரியைச் சுவரில் வதைக்காதீர்கள்.