பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று ஏங்குவது தப்பா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். மகன் ஏழாம் வகுப்பு, மகள் மூன்றாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் அரசுப் பள்ளி. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். காலாண்டு விடுமுறை முழுக்க செல்போனுக்குச் சண்டை. ஒரு நாள் ஆத்திரத்தில் போனைப் பிடுங்கி மகனை அறைந்துவிட்டேன். 'நீ வளர்த்த லட்சணம்' என்கிறார் மாமியார். இப்போது அரையாண்டு விடுமுறை வருகிறது. பொங்கல் துணி வேறு குவிந்து கிடக்கிறது. விடுமுறை தொடங்கும் முன்பே பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று மனசு ஏங்குகிறது. நானெல்லாம் ஒரு அம்மாவா?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

தாராளமாக ஏங்குங்கள், அதில் தப்பே இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் முதலில் தட்டுகளைத்தான் எண்ணினேன். பள்ளி நாளில் மகள் காலையிலும் மதியமும் அங்கேயே சாப்பிட்டுவிடுகிறாள். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் என்பதால் மகனுக்கு மதியச் சாப்பாடு மட்டும். விடுமுறை விட்டால் தினமும் 3 சாப்பாடு கூடுதலாக உங்கள் அடுப்புக்கு வந்து சேர்கிறது. விடுமுறை 9 நாள் என்றால் 27 தட்டு. அதுவும் ஊரே ஜாக்கெட் துணியோடு உங்கள் வாசலுக்கு வருகிற நேரத்தில். இதில் களைத்துப்போகாதவர் யார்? இந்தக் கணக்கை ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்காரரிடமும் சொல்லுங்கள். அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அறைந்த விஷயத்துக்கு வருகிறேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? நீங்கள் எழுதவில்லை, அதனால் கேட்கிறேன். பன்னிரண்டு வயதுப் பையன் அடியை மறந்தாலும் தங்கச்சி எதிரில் அடி வாங்கியதை மறக்க மாட்டான். அவன் தனியாக இருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, 'அன்னிக்கு அம்மா அடிச்சது தப்புடா' என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'ஆனா நீயும்...' என்று தொடங்கினால் கேட்ட மன்னிப்பு வீணாகிவிடும்.

போனுக்கு நேரம் வையுங்கள். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு ஆளுக்கு அரை மணி நேரம், கடிகாரம் பார்த்து. மற்ற நேரத்தில் அது உங்கள் மிஷின் டிராயரில் இருக்கட்டும். விடுமுறை தொடங்கும் முந்தின நாளே இதைச் சொல்லிவிடுங்கள். பாதி விளையாட்டில் பிடுங்கினால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும்.

அப்படியானால் பகல் முழுக்க என்ன செய்வார்கள்? இங்கேதான் உங்கள் மாமியார் வேண்டும். மார்கழி, தை நம் பக்கத்தில் அவரைக்காய்ப் பருவம், உங்களுக்குத் தெரியாததில்லை. ராத்திரி அவரைக் கொட்டையை ஊற வையுங்கள். காலையில் முறத்தோடு மாமியாரை நடுவில் உட்கார வைத்து, 'அத்தை, இதுங்களுக்கு பிதுக்கச் சொல்லிக் கொடுங்க' என்று விட்டுவிடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தோல் விரலில் நிற்கும், பருப்பு மட்டும் வழுக்கிக்கொண்டு பாயும். முதல் பத்து நிமிடம் பருப்பு முறத்தில் விழாது, தங்கச்சி மூஞ்சியில்தான் விழும். விழட்டும். என் பிள்ளைகள் சின்ன வயதில் யார் பருப்பு தூரம் போகிறது என்று பந்தயமே வைப்பார்கள், நான் கூடம் முழுக்கப் பொறுக்குவேன். மதியம் அந்தப் பிதுக்கம்பருப்புக் குழம்போடு களி. தானே பிதுக்கிய பருப்பு என்றால் களி வேண்டாம் என்கிற பிள்ளைகூட இரண்டாவது உருண்டை கேட்கும். மாமியாருக்கும் 'உன் வளர்ப்பு' என்று சொல்ல வாய் வராது, அவரும்தானே இப்போது வளர்க்கிறார்!

மகனை உங்கள் வேலையிலும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊக்கு வைத்துத் தைக்க அவனால் முடியும். ஆண் பிள்ளைக்கு எதற்கு ஊசி என்று யாராவது கேட்டால் காதில் வாங்காதீர்கள். மகளுக்கு நூல்கண்டுகளை நிறம் பார்த்து அடுக்குகிற வேலை. ஒரு மணி நேரம் போதும், அதற்கு மேல் வேண்டாம். அவர்களுக்கு விடுமுறை என்பதை நாமும் மறந்துவிடக் கூடாது. முடிந்தால் ஊக்குக்கு இவ்வளவு என்று அவன் கையில் காசு கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்ததும் ஒகேனக்கல் என்று கிளம்பாதீர்கள். விடுமுறைக் கூட்டத்தில் பரிசல் வரிசையிலேயே பொழுது போய்விடும். பக்கத்திலேயே கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி அணை இருக்கிறது. காமராஜர் முதல்வராக இருந்தபோது கட்டிய அணை, பொரித்த மீனும் கிடைக்கும். அப்பாவும் பிள்ளைகளும் மட்டும் போய்வரட்டும். அந்த அரை நாள் உங்களுக்கு. அன்றைக்குத் துணி தைக்காதீர்கள், தூங்குங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தென்பெண்ணை உங்கள் ஊரை ஒட்டி ஓடுகிறது. மழைக்காலம் முடிந்த கையோடு வருகிற விடுமுறை இது, கிணறு குட்டை எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும். ஃபிரெண்ட்ஸோடு குளிக்கப் போகிறேன் என்று மகன் கேட்டால், நீச்சல் தெரிந்த பெரியவர் கூட இல்லாமல் அனுப்பாதீர்கள். எவ்வளவு அழுதாலும் சரி. மற்ற எதிலும் நீங்கள் விட்டுக்கொடுக்கலாம்.

வீட்டுப்பாடத்தை முதல் மூன்று நாளில் முடிக்கச் சொல்லுங்கள். அப்புறம், துணி கொண்டுவருகிறவர்களிடம் 'பொங்கலுக்கு முதல் நாள் வாங்கிக்கோங்க' என்று இந்த வருஷம் யாருக்கும் சொல்லாதீர்கள். 11-ஆம் தேதிதான் கடைசி என்று இப்போதே சொல்லிவிட்டு, போகியன்று காலையில் மிஷினுக்கு உறை போட்டு மூடிவிடுங்கள்.