சர்வ் யாருக்காக? – கடிதம்

வணக்கம் சார்,

எனக்கு 54 வயது. தினமும் காலை ஆறு மணிக்குக் கூடி இரட்டையர் டென்னிஸ் ஆடுகிற கோஷ்டி எங்களுடையது. என் பார்ட்னர் காட்பாடியிலிருந்து பாலத்தைத் தாண்டி வருகிறார், இடக்கைக்காரர். நான் வலக்கை. இருவருக்குமே சர்வ் நல்ல வேகம். ஆனால் நாங்கள் சர்வ் போடும் கேம்தான் முதலில் பறிபோகிறது. அவர் சர்வ் போடும்போது வலையருகே நிற்கும் என்னைத் தாண்டி டிராம்லைன் (இரட்டையருக்கான ஓரப் பட்டை) ஓரமாக அடித்துவிடுகிறார்கள். “ஓரத்தைப் பார்த்துக்கோ” என்று அவர் கத்துகிறார். ஓரத்துக்குப் போனால் நடுவில் போகிறது. போதாக்குறைக்கு வெயில் கண்ணில் அடித்து டபுள் ஃபால்ட் (இரண்டு சர்வும் தவறுவது) வேறு. பேசாமல் இரண்டு பேரும் பின்னால் நின்றுவிடலாமா? இல்லை, சர்வை இன்னும் பலமாக அடிக்கப் பழக வேண்டுமா?

ம., சத்துவாச்சாரி

அன்புள்ள ம. அவர்களுக்கு,

பின்னால் போக வேண்டாம். பலமாக அடிக்கவும் வேண்டாம். காலையில் ஆடும் நம்மைப் போன்றவர்களின் இரட்டையர் ஆட்டத்தில் சர்வ் என்பது வலையருகே நிற்கிற பார்ட்னருக்குச் சுலபமான ஒரு பந்தை வரவழைத்துக் கொடுக்கும் வேலை. நேராகப் பாயிண்ட் எடுக்கும் சர்வ் கேமுக்கு ஒன்று வந்தாலே பெரிது. மற்ற எல்லாப் பாயிண்டிலும், எதிராளி திருப்பி அடிக்கும் பந்து எங்கே வரும் என்பதுதான் கேள்வி. அதை முடிவு செய்வது சர்வின் வேகத்தைவிட அது விழும் இடம்.

உங்கள் பிரச்சினை எங்கே இருக்கிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது. உங்களைத் தாண்டிப் போகும் பந்துகளில் பாதிக்கு மேல் அட்வான்டேஜ் பக்கத்துப் பாயிண்டுகளில்தான், அதாவது அவர் இடப்பக்கம் நின்று சர்வ் போடும்போதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். இடக்கைக்காரரின் ஸ்லைஸ் சர்வ் (பந்தைப் பக்கவாட்டில் சீவி அடிப்பது) அந்தப் பக்கம் இயல்பாகவே வெளியே வளைந்து ஓடும். வலக்கை எதிராளியின் பேக்ஹேண்டை (அவருடைய இடப்பக்கத்து அடியை) அது கோர்ட்டை விட்டே வெளியே இழுக்கும். பார்க்க அழகான சர்வ். ஆனால் எதிராளி கோர்ட்டுக்கு வெளியே போய்விட்டால், அவர் முன்னால் நேர்க்கோட்டில் உங்கள் பக்கத்து டிராம்லைன் திறந்து கிடக்கிறது. நாலரை அடி அகலம். நீங்கள் சர்வீஸ் பெட்டியின் (வலையை ஒட்டிய கட்டத்தின்) நடுவில் அசையாமல் நின்றால் அது அவருக்கு ராஜபாட்டை.

டியூஸ் பக்கத்தில், அதாவது அவர் வலப்பக்கம் நின்று போடும்போது, கதையே வேறு. அங்கே அதே ஸ்லைஸ் நடுக்கோட்டை நோக்கி வளைந்து எதிராளியின் பேக்ஹேண்டுக்குப் போகும். பந்து நடுவிலிருந்து திரும்பி வரும்போது கோணம் குறைந்துவிடுகிறது. ஓரமாக அடிக்க நினைத்தால் வலையின் உயரமான பகுதியைத் தாண்ட வேண்டும். நடுவில் 3 அடி இருக்கும் வலை கம்பத்தருகே மூன்றரை அடி. அதனால் பெரும்பாலானவர்கள் நடுவிலேயே தட்டிவிடுவார்கள். அந்தப் பந்து உங்களுக்கானது.

ஆகவே பார்ட்னரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: அட்வான்டேஜ் பக்கமும் பத்தில் ஏழு சர்வ் நடுக்கோட்டுக்கோ எதிராளியின் உடம்புக்கோ வரட்டும், முக்கால் பலம் போதும், முதல் சர்வே உள்ளே விழட்டும். உடம்புக்கு வரும் மெதுவான பந்தை நம் வயதில் யாரும் லேசாகச் சமாளிப்பதில்லை. ஒதுங்கி இடம் பண்ணிக்கொள்ளக் கால் வராது, முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும், பந்து வலைக்கு மேலே சோம்பலாக மிதந்து வரும். வெளியே போகும் சர்வையும் அவர் விட்டுவிட வேண்டாம். ஆனால் போடுவதற்கு முன் உங்களிடம் சொல்லிவிட்டுப் போட வேண்டும். இதைக் கட்டாயமாக்குங்கள்.

இனி உங்கள் வேலை. நிற்கும் இடம் சர்வீஸ் பெட்டியின் நடு, வலையிலிருந்து எட்டுப் பத்து அடி. அது ஆரம்ப இடம் மட்டும்தான். சர்வ் வெளியே போனால் நீங்களும் ஓரத்துக்கு ஒரு எட்டு, நடுவில் போனால் நடுவுக்கு ஒரு எட்டு. பந்து எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். நடுவில் போன சர்வுக்கு எதிராளி கண்ணைத் தாழ்த்திப் பந்தைப் பார்க்கும் அந்த நொடியில் குறுக்கே, முன்னோக்கிப் பாயுங்கள். அதற்கு முன்னால் கிளம்பினால் பார்த்துவிடுவார். வாலியை (தரையில் படுமுன் அடிக்கும் பந்தை) எதிரே வலையருகே நிற்பவரின் காலடியில் இறக்குங்கள். நீங்கள் பாய்ந்துவிட்டால் பார்ட்னர் பேசாமல் நீங்கள் விட்ட பக்கத்துக்கு ஓடி வர வேண்டும்.

இடையில் ஓரத்தில் ஒன்றிரண்டு பந்து போகத்தான் செய்யும். போகட்டும். அதற்குப் பயந்து டிராம்லைனைக் காவல் காத்தால் நடுவில் போகும் பத்துப் பந்துக்குக் கணக்கே இருக்காது. உங்கள் பார்ட்னர் கத்துவதை இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் கேட்கக் கூடாது. 1999இல் மகேஷ் பூபதியோடு சேர்ந்து பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன் இரண்டையும் வென்ற லியாண்டர் பயஸ் சர்வ் வேகத்துக்குப் பேர் வாங்கியவர் இல்லை. வலையருகே அவர் எப்போது குறுக்கே பாய்வார் என்ற பயத்திலேயே எதிராளிகள் பந்தை வெளியே அடித்தார்கள். பழைய ஆட்டங்களைப் போட்டு, பந்தை விட்டுவிட்டு அவர் கால்களை மட்டும் பாருங்கள்.

வெயில் விஷயத்துக்கு வருகிறேன். இதில் உங்கள் ஜோடிக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. அதை வீணடிக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு ஆதங்கம். ஒரு செட்டில் டைபிரேக் (ஆறுக்கு ஆறு என்று சமமானால் ஆடும் முடிவு கேம்) வரும்வரை ஒவ்வொரு ஆட்டக்காரரும் எப்போதும் ஒரே முனையிலிருந்துதான் சர்வ் போடுவார். முனை மாறும் முறையும் சர்வ் சுற்றும் முறையும் சேர்ந்து அப்படி அமைந்துவிடுகிறது. காகிதத்தில் நாலு கேம் போட்டுப் பாருங்கள், தெரியும். பெரும்பாலான கோர்ட்டுகளைப் போல உங்களுடையதும் வடக்கு தெற்காக இருந்தால், தெற்கு முனையில் நின்று வடக்கே பார்த்து சர்வ் போடும் வலக்கைக்காரரின் மார்பு கிழக்கே திரும்பியிருக்கும். பந்தைத் தூக்கிப் போட்டு அண்ணாந்தால் காலை வெயில் நேராகக் கண்ணில். வடக்கு முனைக்குப் போனால் சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால். இடக்கைக்காரருக்கு எல்லாம் தலைகீழ்: தெற்கு முனைதான் அவருக்குச் சௌகரியம். அதாவது, நீங்கள் வடக்கு, அவர் தெற்கு என்று பிரித்துக்கொண்டால் செட் முழுக்க இருவர் கண்ணிலும் வெயில் விழாது. எதிரே இரண்டு பேருமே வலக்கை என்றால் அவர்களில் ஒருவர் கண் கூசியே ஆக வேண்டும். ஏழரை மணிக்கு மேல் வேலூர் வெயிலில் இது சின்ன லாபம் இல்லை.

முதல் கேமில் நீங்களே சர்வ் என்றால் நிற்கிற முனையைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுங்கள். எதிரணி முதலில் சர்வ் என்றால் கவனம்: முதல் கேம் முடிந்ததும் முனை மாறிவிடும், ஆகவே உங்கள் முதல் சர்வ் எதிர் முனையிலிருந்து. யார் முதலில் என்ற வரிசையை ஒவ்வொரு செட் ஆரம்பத்திலும் மாற்றிக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. சாயங்காலம் ஆடினால் எல்லாவற்றையும் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இருவரும் பின்னால் நிற்பது எப்போது சரி? பார்ட்னரின் இரண்டாவது சர்வ் மெத்தென்று விழுந்து, எதிராளி அதை உங்கள் மேலேயே அறைகிற நாட்களில். அப்போதும் முதல் சர்வுக்கு முன்னால் நில்லுங்கள், இரண்டாவதுக்கு மட்டும் பின்னால் போங்கள். தலைக்கு மேல் லாப் போடுகிறார்கள் என்றால் ஓரிரு அடி பின்வாங்கினால் போதும். தாண்டிப் போகும் பந்தைப் பார்ட்னர் எடுக்கட்டும், நீங்கள் பக்கம் மாறுங்கள்.

டைபிரேக்கில் மட்டும் இந்த வெயில் கணக்கு உடைந்துவிடும். ஆறு பாயிண்டுக்கு ஒருமுறை முனை மாறுவதால் இருவருக்குமே சில சர்வ் வெயிலைப் பார்த்து அமையும். அங்கே பந்தை உயரமாகத் தூக்காமல், தாழ்வாகப் போட்டு, பாதி பலத்தில் நடுக்கோட்டுக்கு அனுப்புங்கள். நாளைக் காலையே இரண்டு கூடை பந்து எடுத்துக்கொண்டு அதை மட்டும் பழகிப் பாருங்கள், நாஸ்தாவுக்கு முன்னால் அரை மணி நேரம் போதும்.

அன்புடன்.