கேள்வி பதில்: தொற்றுக்குப் பிறகு அருங்காட்சியகம்

அருங்காட்சியகக் கூடங்களை வடிவமைப்பது என் தொழில். கொரோனா காலத்து மாற்றங்களில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பலர் கேட்டார்கள். என் பதில்கள் இதோ.

கே: மேடம், பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் அப்போது என்னதான் மாற்றினார்கள்?

ப: 2020 மார்ச்சில் மூடி, ஜூலை 6ஆம் தேதி திறந்தார்கள். நேரம் குறித்த முன்பதிவு, முகக்கவசம், ஒருவழிப் பாதைக்கு அம்புக்குறிகள். இதில் முன்பதிவுதான் பெரிய விஷயம். மோனா லிசா அறையை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்ச் சுவரில் வெரோனேசே வரைந்த, பைபிளில் வரும் கானா ஊர்த் திருமண ஓவியம் கிட்டத்தட்ட 10 மீட்டர் அகலத்துக்கு இருக்கிறது. கூட்டமோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரே சின்னப் படத்தின் முன்னால் நெருக்கியடிக்கும். கண்ணாடிப் பிரமிடு வாசலே ஆண்டுக்கு 40 லட்சம் பேர் வருவார்கள் என்ற கணக்கில் கட்டியது. 2019இல் வந்தவர்கள் 96 லட்சம். மோனா லிசாவுக்குத் தனி அறை, கிழக்குப் பக்கமாகப் புது வாசல் என்று 2025 ஜனவரியில் அதிபர் மக்ரோன் அறிவித்தார். எப்போதோ எடுத்திருக்க வேண்டிய முடிவு.

கே: காற்றோட்டத்துக்கு ஜன்னலைத் திறந்துவிட்டால் போதாதா?

ப: நமக்கு நல்லதுதான், ஓவியத்துக்கு ஆகாது. மோனா லிசா பாப்லர் மரப்பலகையில் வரைந்தது. ஈரப்பதம் ஏறி இறங்கினால் பலகை வளையும், வண்ணம் உரியும். அதனால் காற்றிலுள்ள நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி வையுங்கள். கூடவே கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ஒன்று. வெளிக்காற்றில் அது பத்து லட்சத்துக்கு 420 பங்கு அளவில் இருக்கும். கூடத்துக்குள் 1000ஐத் தாண்டினால் அடுத்தவர் விட்ட மூச்சில் ஒரு பங்கை நாம் இழுத்துக்கொண்டிருக்கிறோம். அடுத்த குழுவைக் கொஞ்சம் நிறுத்தி அனுப்பலாம்.

கே: வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவி இன்னும் வேண்டுமா?

ப: வேண்டாம். அறிகுறி தெரியும் முன்பே பரவுகிற நோய் அதில் சிக்காது.

கே: தொட்டுப் பார்க்கும் மாதிரிகளை எடுத்துவிடலாமா?

ப: தயவுசெய்து எடுக்காதீர்கள். பார்வையற்றவர்கள் ஒரு சிற்பத்தை அறிவதே விரல் நுனியில்தான். கொரோனா முக்கியமாகக் காற்று வழியே பரவுவது. பக்கத்தில் கைகழுவ ஒரு குழாய் போடுங்கள், சரியாகிவிடும்.

கே: என் அப்பாவுக்கு ஆன்லைனில் பதிவு செய்யத் தெரியாது. அவர் எப்படிப் போவார்?

ப: எனக்கும் இதுதான் பெரிய கவலை. ஒவ்வொரு நேரத்துக்கும் சில டிக்கெட்டுகளை வாசல் கவுண்டருக்கென்று ஒதுக்கியே ஆக வேண்டும். அப்புறம், தொற்றின்போது பெஞ்சுகளை எடுத்த இடங்களில் அவற்றைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். இரண்டு கூடம் நடந்ததும் அப்பாவுக்கு உட்கார இடம் வேண்டும்.